அப்பாவை இழுத்துக்கொண்டு போன பையன்

அன்றைக்குக் காலையில் கேன் தண்ணீர் போடுபவர் போன பிறகு கேட் திறந்தே கிடந்திருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். கணவர் முதல் ஷிப்டுக்காக விடிவதற்கு முன்பே ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறியிருந்தார். குக்கரை இறக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தால் அப்பாவின் நாற்காலி காலி. குளியலறை காலி. மாடிப்படியின் கீழே அவருடைய செருப்பு இல்லை.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு ஊரப்பாக்கத்துக்கு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே மறதி ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு நான் யார் என்பதே சில நாட்களில் போய்விடும். போகாத ஒன்று, காலையில் எழுந்ததும் டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். எங்கள் வீடு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் அந்தப் பக்கம். நடுவில் பஸ்ஸும் லாரியும் நிற்காமல் ஓடும் அந்த ரோடு.

நான் நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அண்ணா அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, எங்க ஓடுற?"

"அப்பாவைக் காணோம் அண்ணா."

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் ஏரிக்கரைப் பக்கம் போனார், நான் மெயின் ரோட்டை நோக்கி நடந்தேன். பாதி வழியில் போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, உங்க அப்பா இங்க இருக்காரு. டீக்கடை. மெயின் ரோடு. பயம் வேணாம்."

அப்பாவின் கழுத்தில் என் எண் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெயின் ரோட்டு டீக்கடை வாசலில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்திருந்தது. அவருக்கு முன்னால் தரையில் குந்தியிருந்த இளைஞர் ஒருவர் அப்பாவின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சிறிய கண்கள், ஒல்லியான உடம்பு, முழங்கைவரை சிமெண்ட் தூசி. இடது கன்னத்தில் நகம் கீறிய கோடு, அதில் இரத்தம் காய்ந்திருந்தது.

நடந்ததை டீக்கடைக்காரர் சொன்னார். "பஸ்ஸு வந்துகினு கீது. பெரியவர் பாட்டுக்கு ரோட்டுல எறங்கிட்டாரு. இந்தப் பையன்தான் டீயப் போட்டுட்டு ஓடிப்போய் ரெண்டு கையையும் புடிச்சி இழுத்தான். பெரியவர் வுடுவனான்றாரு. ஒரே அடி, கீறல். அவன் வுடவேல்ல. இழுத்துகினே வந்து இங்க குந்தவெச்சான்."

அந்த இளைஞர் அசாமிலிருந்து வந்தவர். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் டைல்ஸ் போடும் வேலை. பீர்க்கன்கரணையில் நாலைந்து பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். நான் கை கூப்பினேன். அழுகை வந்தது. அவர் கூச்சத்தோடு எழுந்து நின்று, "தாத்தா நல்ல அடி அடிக்குறாரு" என்று சிரித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். என் போனில் அவர் எண் இருந்தது. அதை 'அப்பாவைக் காப்பாற்றியவர்' என்றே பதிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அப்பாவை ஹவுஸ் ஓனர் அண்ணாவின் மனைவியிடம் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் மேற்குத் தாம்பரத்தில் என் அலுவலகத்தில் இருந்தேன். இன்சூரன்ஸ் முகவர் ஒருவரின் சின்ன அலுவலகம் அது. சாப்பாட்டு வேளையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஹவுஸ் ஓனர் அண்ணா ஒரு செய்தி இணைப்பைப் போட்டிருந்தார். மேலே அவருடைய வரி: "எவ்ளோ தைரியம் பாருங்க. நம்ம ஊர்லயே."

'ஊரப்பாக்கத்தில் பரபரப்பு. முதியவரை நடுரோட்டில் தரதரவென இழுத்துச் சென்ற வடமாநில இளைஞர்.' ஓரளவு பெயர் தெரிந்த செய்தித் தளம்தான். நானே தினமும் காலையில் ரயிலில் நின்றுகொண்டு பார்க்கும் தளம். கீழே ஒரு வீடியோ, அரை நிமிடம்கூட இராது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ போனில் எடுத்தது. ஒரு இளைஞர் ஒரு கிழவரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறார். கிழவர் திமிறுகிறார், அடிக்கிறார், கத்துகிறார். அவ்வளவுதான். பஸ் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததும் இல்லை, பின்னால் நடந்ததும் இல்லை.

அப்பாவின் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கோடு போட்ட சட்டையை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனின் முகத்தை மறைக்கவில்லை. அதை நிறுத்திப் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

கருத்துகளைப் படித்திருக்கக் கூடாது. படித்தேன். மூக்கைப் பற்றி, கண்ணைப் பற்றி, என்ன சாப்பிடுவான் என்பதைப் பற்றி. இவனையெல்லாம் ரயிலேற்றி அனுப்ப வேண்டும் என்று பலர். சாயங்காலத்துக்குள் வேறு அரசியல் சார்புடைய இன்னொரு தளம் அதே வீடியோவை எடுத்துக்கொண்டு, 'எல்லை தாண்டி வந்தவரா? ஆட்சியாளர்கள் தூங்குகிறார்களா?' என்று போட்டது. முதல் தளத்துக்கு அவர் வடக்கத்தியர் என்பது போதும். இரண்டாவது தளத்துக்கு அவர் இந்த நாட்டுக்காரரே இல்லை என்பது தேவையாக இருந்தது.

அலுவலகத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஹவுஸ் ஓனர் அண்ணாவின் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பம். முன்பு நிலம் வைத்திருந்தவர்கள், இப்போது வீடுகளும் ஒரு ஹார்டுவேர் கடையும் வைத்திருக்கிறார்கள். அண்ணா ஒரு கட்சியில் வார்டு அளவில் பொறுப்பில் இருப்பவர். அவருக்கும் என் கணவருக்கும் எந்த சேனல் யாருக்கு ஜால்ரா போடுகிறது என்பதில் எப்போதும் வாக்குவாதம் நடக்கும்.

"அண்ணா, அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்க. அந்தச் சட்டையைப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மாறியது.

"அப்பாவா இது?"

"அப்பாதான். அந்தப் பையன்தான் காப்பாத்தினான். நேத்து நான் உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னியே. இதுன்னு எனக்கு இன்னாமா தெரியும்?" அவர் குழுவில் போட்டதை அழித்தார். "நான் அழிச்சி இன்னா ஆவப்போவுது. மேஸ்திரிங்க குரூப், கட்சி குரூப்னு எல்லாத்துலயும் ஓடிகினு கீது."

நான் அந்தப் பையனின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்து, மெதுவான குரலில், "அக்கா, கான்ட்ராக்டர் வர வேணாம் சொல்லிட்டாரு. ரூம் ஓனர் காலி பண்ணு சொல்றாரு. கீழ கொஞ்சம் பேர் நிக்குறாங்க. நான் ஊருக்குப் போறேன்" என்றார்.

நான் சொன்னதைக் கேட்ட அண்ணா, சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டில ஏறு" என்றார். பின்னால் உட்கார்ந்து பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அறைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பெரிய ரவுடிகள் இல்லை, அக்கம்பக்கத்து ஆட்கள்தான். ஒருவர் கையில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணா வண்டியை நிறுத்திவிட்டு, "அதுல இழுபடுறவர் இவங்க அப்பா. கேளுங்க இவங்களையே" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. பஸ், டீக்கடை, கன்னத்துக் கீறல் என்று வரிசையாகச் சொன்னேன். ஒருவர் நம்பாமல் பார்த்தார். அப்பாவும் நானும் இருக்கும் படத்தைப் போனில் காட்டினேன், அதே சட்டை. வீடியோவை வைத்திருந்தவர் அதை நிறுத்தினார். "நியூஸ்லயே போட்டிருந்தாங்களேம்மா" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வீடியோவில் எந்த இடத்திலும் பொய் இல்லை. இழுத்தது நிஜம், அடித்தது நிஜம். எங்கே வெட்டினார்கள், மேலே என்ன எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. எதிர்க்கட்சி சேனல்கள்தான் இப்படிச் செய்யும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் ஒரு பையோடு மாடியில் நின்றிருந்தார். அண்ணா மேலே ஏறிப்போய், "ஊருக்குப் போறதுன்னா போப்பா, உன் இஷ்டம். ஆனா பயந்து ஓடாத. எங்க வூட்ல பின்னால ஒரு ரூம் காலியா கீது. இப்போ அங்க வா" என்றார்.

வரும் வழியில் அண்ணாவின் கட்சிக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். எலெக்‌ஷன் வரும் நேரத்தில் வடக்கத்தியானுக்கு வக்காலத்து வாங்கி நிற்க வேண்டுமா என்று கேட்டிருப்பார் போல. அண்ணா வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பதில் சொன்னார். "இந்தி வேணான்னு சொல்றது வேற மச்சான். இவன் வேணான்னு சொல்றது வேற. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். வெச்சிடு."

நான் அந்தச் செய்தித் தளத்துக்குப் போன் செய்தேன். பல முறை முயன்ற பிறகு ஒருவர் எடுத்தார். மரியாதையாகவே பேசினார்.

"மேடம், நாங்க 'இழுத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது'ன்னுதான் உள்ள போட்டிருக்கோம்."

"தலைப்புல அப்படி இல்லையே சார். அந்தப் பையன் முகத்தையாவது மறைங்க."

"எடிட்டர்கிட்ட சொல்றேன் மேடம்."

ஒரு மணி நேரத்தில் தலைப்பு மாறியது. 'இழுத்துச் சென்ற' என்பது 'இழுத்துச் சென்றாரா?' என்று ஆகியிருந்தது. முகம் அப்படியே இருந்தது.

என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து, "நீயே பேசி ஒரு வீடியோ போடு" என்றார். போட்டேன். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, நடந்ததைச் சொன்னேன். காப்பாற்றியவர் யார், டீக்கடைக்காரர் எப்படிப் பார்த்துக்கொண்டார், ஹவுஸ் ஓனர் எப்படி அறை கொடுத்தார், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில், கொஞ்சம் பேர் போய் அவரைப் பயமுறுத்தியதையும் சொன்னேன்.

அடுத்த நாள் வடக்கே இருந்து நடத்தப்படும் ஒரு தளம் என் வீடியோவிலிருந்து அந்த நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. 'தமிழ்நாட்டில் இந்தி பேசுபவர்களுக்குப் பாதுகாப்பில்லை. கும்பல் தாக்குதல். தமிழ்ப் பெண்ணே ஒப்புதல்.' அவர்கள் பங்குக்கு யாரோ எங்கோ அடிவாங்கும் படம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். டீக்கடைக்காரர் இல்லை, அண்ணா இல்லை, அறை இல்லை. அந்தப் பையனின் தாய்மொழி இந்தியே இல்லை. அதைக் கேட்பாரும் இல்லை.

அதன் பிறகு எனக்கு வந்த கருத்துகள் வேறு மாதிரி. இனத் துரோகி என்றார்கள். எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். அப்பா என் தோளுக்கு மேலாகப் போனில் ஓடிய என் வீடியோவைப் பார்த்து, "யாரு இந்தம்மா? நல்லா பேசுறாங்களே" என்றார். அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

அன்று மாலை அந்தப் பையனுக்கு ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. அவருடைய அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அந்த வடக்குத் தளத்தின் செய்தியைக் காட்டியிருக்கிறார். மகனை அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். பையன் எவ்வளவு சொல்லியும் அழுகை நிற்கவில்லை. பயமுறுத்திச் சொல்லவைக்கிறார்கள் என்று நினைத்தாராம். பையன் போனை என்னிடம் நீட்டினார். திரையில் என் வயதுதான் இருக்கும், ஒரு பெண். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பாவைக் காட்டினேன். அப்பா கையை உயர்த்தி, ரொம்பத் தெளிவாக இந்தியில் ஏதோ கேட்டார்.

நான் திகைத்துவிட்டேன். அப்பாவின் முதல் போஸ்டிங் வடக்கே எங்கோ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. நேற்றைய நாளெல்லாம் அழிந்துபோக, அடியில் இருந்த பழைய மொழி மேலே வந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கும் இந்தி அரைகுறைதான். இருவரும் திக்கித் திக்கிப் பேசினார்கள்.

"என்ன கேக்குறாரு?" என்று பையனிடம் கேட்டேன்.

"அங்க மழையா, நெல்லு நட்டாச்சான்னு கேக்குறாரு."

அந்த அம்மாவின் அழுகை அதோடு நின்றது. நெல் நட்டதா என்று கேட்கிறவர் வீட்டில் மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு விளக்க எனக்கு மொழி இல்லை.

நான்காம் நாள் ஒரு பெண் வந்தாள். ஸ்கூட்டியில், முதுகில் பை, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தாம்பரம் சுற்றுவட்டாரச் செய்திகளை மட்டும் போடும் ஒரு சின்ன யூடியூப் சேனலில் வேலை. சேனல் என்றால் அவளும் இன்னொருவரும்தான். அதற்குள் நான் யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"பேச வேணாம்க்கா. நடந்த இடத்தை மட்டும் காட்டுறீங்களா?" என்றாள்.

அதுவரை போன் செய்த செய்திக்காரர்களில் ஒருவர்கூட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. நான் போனேன். வெயிலில் நின்று, அப்பா எங்கே இறங்கினார், பஸ் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டாள். டீக்கடைக்காரரிடம் பேசினாள். பிறகு நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். இரண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை வாசலில் கேமரா இருந்தது. மருந்துக்கடைக்காரர் முதலில் தயங்கினார். அவள் அவசரப்படுத்தாமல், கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். கடைசியில் அவரே அன்றைய பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அதில் எல்லாம் இருந்தது. அப்பா ரோட்டில் இறங்குகிறார். பஸ் வருகிறது. டீ டம்ளர் ஒன்று கீழே விழுகிறது. ஒருவர் பாய்ந்து ஓடுகிறார். பஸ் அவர்கள் முதுகை ஒட்டிக் கடந்து போகிறது. நான் அதை ஒருமுறை மட்டும் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அண்ணாவின் பின்கட்டு அறையில் அந்தப் பையனோடு அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேமராவை வைப்பதற்கு முன்னால் கேட்டாள். "உங்க முகத்தை மறைக்கணுமா? எப்படி வேணும்னாலும் செய்யலாம்."

அவர் யோசித்தார். "காட்டுங்க. அவங்க காட்டினாங்க இல்ல, அதே மூஞ்சி."

அவள் வைத்த தலைப்பு 'ஊரப்பாக்கத்தில் முதியவரைக் காப்பாற்றிய டைல்ஸ் தொழிலாளி'. வடமாநிலம் என்ற சொல்லே அதில் இல்லை. அசாம்காரர் என்பதை உள்ளே அவரே சொன்னார், தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்லும்போது. அவரைப் பயமுறுத்திய ஆட்களை அவள் மறைக்கவில்லை. அவர்களில் ஒருவர் கேமரா முன்னால் வந்து, "தெரியாம போய்ட்டோம்" என்று சொன்னதையும் விடவில்லை.

அதைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. முதல் தளத்தின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியபோது இது எங்கள் வட்டாரத்தைத் தாண்டவே இல்லை. முதலில் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பிறகு யோசித்தால், பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருந்தார்கள். அண்ணா அதைத் தன் கட்சிக் குழு முதல் ஹார்டுவேர் வியாபாரிகள் குழுவரை எல்லாவற்றிலும் தானே போட்டார். மேலே எழுதிய வரி: "முன்னாடி நான் போட்டது தப்பு. இதப் பாருங்க." கான்ட்ராக்டர் பார்த்தார், வேலைக்கு வரச் சொன்னார். பீர்க்கன்கரணை அறைக்காரரும் வரச் சொன்னார். பையன் அங்கே போகவில்லை, அண்ணாவின் பின்கட்டிலேயே இருந்துவிட்டார். முதல் தளம் ஒரு நாள் சத்தமில்லாமல் தன் செய்தியை எடுத்துவிட்டது. வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் போடவில்லை. வடக்குத் தளத்தில் அது இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையன் மாடிக்கு வருவார். அப்பா அவரை யாரென்று ஒருமுறையும் அடையாளம் கண்டதில்லை. சில வாரம் கூட வேலை பார்த்த கலாசித் தொழிலாளி என்று நினைப்பார், சில வாரம் டிக்கெட் இல்லாமல் வந்தவர் என்று நினைத்து அதட்டுவார். இருவரும் அவரவர் இந்தியில் பேசிக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் துணி காயப்போடுவேன், அல்லது சும்மா படுத்திருப்பேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணின் சேனலை நான் விடாமல் பார்க்கிறேன். பெரும்பாலும் எனக்குச் சம்பந்தமில்லாத செய்திகள். போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தோண்டிப் போட்ட பள்ளத்தை யாரும் மூடவில்லை என்று போட்டிருந்தாள். பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நின்று அளந்து காட்டினாள். கடைசிவரை பார்த்துவிட்டு, கீழே 'நன்றி' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, இது உங்க ஏரியாவே இல்லையே."

"பரவாயில்லைம்மா," என்று எழுதினேன். "நீ போய்ப் பார்த்துட்டுப் போட்டிருக்க இல்ல."